தோள் தையலில் மஞ்சள் கறை

ஜூன் 9, திங்கள்

காலையில் எழுந்ததும் விரல் எவ்வளவு நேரம் மடங்காமல் இருக்கிறது என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். மூட்டுவாத டாக்டரம்மா ரெபெக்கா சொல்லியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "அப்பதாம்மா மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்" என்றார். கொடுக்கிறவருக்கே தெரியாதென்றால் விழுங்குகிற நான் எதை நம்பி விழுங்குவது? இருந்தாலும் எழுதுகிறேன். அவருக்கு ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். இந்த நோட்டு எனக்கு.

இன்று: பால் பொங்கி, ஆறி, ஏடு படியும்வரை விரல் மடங்கவில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்கினேன். "என்ன புள்ள, கோயில் தீர்த்தமாட்ட வாங்கறே?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

சனிக்கிழமை டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் மாற்றிச் சொன்னால் பிடித்துக்கொள்ளலாம். உடம்புக்குள் காவலுக்கென்று செல்கள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் கண்டுபிடித்து அடிப்பது அவற்றின் வேலை. எனக்கு அந்தக் காவல் செல்கள், மூட்டுக்குள் இருக்கிற சவ்வையே அந்நியன் என்று நினைத்து அடிக்கின்றனவாம். அதனால்தான் வீக்கம், சூடு, வலி எல்லாம்.

"அப்ப கிருமி எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"வெளிய இருந்து ஒண்ணுமே வரலீங்களா?"

"ஒண்ணுமே வரல."

எனக்கு இதில் துளிகூட நம்பிக்கை இல்லை. இருபது வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வருகிற பீஸில் ஒரு தப்பு இருந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். எனக்குத் தண்ணீர் மேல் சந்தேகம். பிராய்லர் கோழி மேலும் சந்தேகம். போன வருஷம் போட்ட ஊசி மேல் ரொம்பவே சந்தேகம்.

மாத்திரை வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும். தெரியாமல் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். மற்ற நாளுக்கு ஏதோ சத்து மாத்திரை. வாரம் ஒரு மாத்திரையில் தீருகிற வியாதியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. கை வீக்கம் என்று தெரிந்தால் மறுநாளே செக்கிங் டேபிளிலிருந்து எடுத்துவிடுவார்கள். டேபிளை விட்டால் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? கோமளாவுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு அவளுடையது. எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். புருஷன் விட்டுவிட்டுப் போனபின், பத்தாவது படிக்கிற மகளோடு தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தாள். சூப்பர்வைசரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

பொழுது சாய ஒரு பாட்டிலோடு வந்தாள். "எங்கூரு வைத்தியர் காய்ச்சுன தைலமுங்க்கா. என்ற பெரியம்மா இதத் தடவித்தான் எந்திரிச்சு நடந்துச்சு" என்றாள். மூடியையும் அவளே திறந்து கொடுத்தாள். எனக்குத் திறக்க வராது என்று கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

தைலம் தடவியதில் கொஞ்சம் தேவலை. சூடு இறங்கியது போல இருக்கிறது. டாக்டரம்மா தைலம் எதுவும் தரவில்லை, ஏன் என்று யோசிக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

கம்பெனியில் வெள்ளை ஆர்டர் ஓடுகிறது. குழந்தைகள் சட்டை, கைக்குழந்தை முதல் மூன்று வயது வரை. வெள்ளை என்றால் எல்லோருக்கும் உதறல். எனக்கு இல்லை.

நான் பீஸ் பார்க்கும் விதமே வேறு. மற்றவர்கள் சட்டையை டேபிளில் விரித்துத் தடவிப் பார்ப்பார்கள். நான் இடது கையை முஷ்டியாக்கிக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, தோள் தையலில் கொண்டுபோய் விரித்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்குவேன். பின்னலில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் வெளிச்சம் ஊசியாக வந்து கண்ணில் குத்தும். வலது கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தயாராக இருக்கும். தப்பின் மேல் ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவேன். புதிதாக யார் சேர்ந்தாலும் சூப்பர்வைசர் சென்னியப்பன் என் டேபிளுக்குத்தான் கூட்டிவருவார். "சாந்தாமணி அக்கா கண்ணுல எதுவும் தப்பாது, பார்த்துப் பழகுங்க" என்பார்.

இப்போது முஷ்டி முழுதாக மடங்குவதில்லை. விரல் முட்டியைக் கொடுத்துத்தான் துணியை விரிக்கிறேன். டீ டைமில் பாத்ரூமில் போய்த் தைலம் தடவிக்கொள்கிறேன். விரல் நுனிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளை வேஸ்ட் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அந்தச் சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. முட்டிகளைக் கழுவினால் மருந்து போய்விடும். அதனால் கழுத்துப்பட்டைக்கு வைக்கிற ரிப் துணியை வளையமாக வெட்டி முட்டிக்கு முட்டி மாட்டிக்கொள்கிறேன். என்ன என்று கேட்டவர்களிடம் குக்கர் ஆவி பட்டுவிட்டது என்றேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். இப்படி நம்புகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

முதல் மாத்திரை. அட்டையிலிருந்து பிதுக்க வரவில்லை. கோமளா பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "போட்டுக்கங்க்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் நேற்றே ஒரு மாதிரி பார்த்தார். இதே மருந்தைப் புற்றுநோய்க்கும் கொடுப்பார்களாம், அளவு மட்டும் வேறாம். அளவு வேறாக இருந்தால் மருந்து வேறாகிவிடுமா? மாத்திரையைக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டேன். கோமளா சொம்போடு வந்தபோது வெறும் தண்ணீரை மடக்கென்று குடித்தேன்.

ஜூன் 18, புதன்

சென்னியப்பன் என் டேபிளுக்கு வந்து நாலு சட்டைகளைப் போட்டார். அயர்ன் முடிந்து கடைசிச் செக்கிங்கில் திரும்பி வந்தவை. தோளுக்கு உள்பக்கம் மங்கலாக ஒரு மஞ்சள் கறை.

"அக்கா, இதெல்லாம் உங்க டேபிள்ல பாஸ் ஆனதுங்க."

"என்ற டேபிள்ல இருந்து போறப்ப இந்தக் கறை இல்லீங்க."

"உங்கள யாருங்க சந்தேகப்பட்டா? சும்மா சொல்ல வந்தேன்."

சும்மா சொல்ல யாரும் நாலு சட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வரமாட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு கூடை. எல்லாம் ஒரே இடம். தோள் தையலுக்கு உள்ளே, கழுத்துக்குக் கீழே. அயர்னுக்கு முன் கண்ணுக்குத் தெரியவில்லை, நீராவி பட்டதும் எழும்பி வருகிறது. அப்படி வருவது எண்ணெய்தான். எண்ணெய் என்றால் மிஷின். தோள் தையல் போடுகிற மிஷின் ஓவர்லாக்.

ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

காலை: விரல் மடங்க வீட்டுக்காரர் சவாரிக்கு வேனை எடுத்துக்கொண்டு போகும்வரை ஆயிற்று. நடுவிரல் முட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை தொட்டிக்குள். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று முழுக்கக் கோமளாவைக் கவனித்தேன். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறாள். விட்டபின் வேஸ்ட் துணியில் துடைக்கிறாள். துடைத்தது போதாது என்பது என் எண்ணம். மத்தியானம் சென்னியப்பன் அவள் மிஷின் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக வரிசைக்கு வருகிறது. என் கை விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். செக்கிங்கில் சேர ஆசை என்று தீபாவளி சமயத்தில் சொன்னவளும் அவள்தான். என் டேபிளில் பாஸான பீஸ் மட்டும் திரும்பி வந்தால் கெட்ட பெயர் யாருக்கு?

ஆனால் அவள் மகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறது. இன்று பரீட்சையில் நல்ல மார்க் என்று பேப்பரைக் கொண்டுவந்து காட்டியது. சரியாகக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

வேலை விட்டு வரும் வழியில் கோமளா என்னோடு சேர்ந்து நடந்தாள். கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டாள். பிறகு மெதுவாக, "அக்கா, கொஞ்ச நாளைக்குத் தைலத்த வூட்ல மட்டும் தடவுங்க. கம்பெனில வேண்டாமுங்க" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான் சொன்னேனுங்க்கா. அந்தத் துணி மோதரத்தையும் கழட்டி வச்சிருங்களே."

ஏன் என்று மறுபடி கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே எட்டி நடந்துவிட்டாள்.

புரிந்துவிட்டது. வளையத்தைக் கழற்றினால் வீக்கம் எல்லோர் கண்ணிலும் படும். அதுதான் அவளுக்கு வேண்டும். அல்லது ஏற்கனவே சென்னியப்பனிடம் சொல்லிவிட்டு, எனக்கு முன்கூட்டியே ஜாடை காட்டுகிறாள்.

ஜூன் 28, சனி

சொல்லிவிட்டேன்.

சென்னியப்பனிடம் அதிகம் பேசவில்லை. கறை தோள் தையலில் மட்டும் இருக்கிறது, அந்த மிஷினில் எண்ணெய் கசிகிறது, உட்கார்ந்திருப்பவருக்குக் கவனம் வேறெங்கோ இருக்கிறது என்றேன். "கோமளாவையா சொல்றீங்க? நீங்க சேர்த்துவிட்ட ஆளாச்சே அக்கா" என்றார். "நான் சேர்த்துவிட்டதால மறைக்கவா முடியும்?" என்றேன். "நீங்க சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்" என்று எழுந்து போனார். மிஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் கத்திரிக்கோலையும் தண்ணி பாட்டிலையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் டேபிளைக் கடந்து போனாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் சட்டையை லைட்டுக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது சரி. இருந்தாலும் இன்று சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மாத்திரை பிதுக்க ஆள் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, எப்படியும் தொட்டிக்குத்தானே.

ஜூலை 3, வியாழன்

வாரம் முழுக்க ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. "அக்கா கண்ணு அக்கா கண்ணுதான்" என்று சென்னியப்பன் எல்லோர் முன்னாலும் சொன்னார். இப்போது ஓடுவது கருநீல ஆர்டர். ஓவர்லாக்கில் ஒடிசாக்காரர் பிகாஷ். யாரோடும் பேச்சில்லை, தலையைக் குனிந்து தைக்கிறார்.

கோமளா வேறு எங்கோ சின்ன யூனிட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது. நான் எழுவதற்குள் கதவு பூட்டிவிடுகிறது.

ஜூலை 5, சனி

டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் வீக்க அளவு ஏறியிருக்கிறதாம். ஒவ்வொரு முட்டியாக அமுக்கிப் பார்த்தார். நடுவிரலில் உயிர் போயிற்று.

"மாத்திரை ஞாயிறு தவறாமப் போடறீங்களாம்மா?"

"போடறனுங்க."

என் முகத்தைப் பார்த்தார். பொய் என்று கண்டுபிடித்துவிட்டாரோ என்னவோ. நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு தாளில் மூட்டு மாதிரி வரைந்தார்.

"இங்க பாருங்க. டி செல்லுன்னு ஒண்ணு. அதுதான் இது நம்மாளு, இது எதிரின்னு அடையாளம் பார்க்கறது. அது தப்பா ஒண்ணைக் கைகாட்டிடுச்சுன்னு வைங்க. பி செல் அதை நம்பி எதிர்ப்பொருளைச் செஞ்சு அனுப்பும். மேக்ரோபேஜ்னு இன்னொண்ணு வந்து, அபாயம் அபாயம்னு ரத்தத்துல தகவல் விடும். அந்தத் தகவலைப் பார்த்து இன்னும் கூட்டம் வரும். முதல்ல கைகாட்டினது சரிதானான்னு யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கறதில்ல."

"அப்புறமுங்க?"

"வந்த கூட்டம் அங்கயே தங்கிடும். சவ்வு தடிச்சு, குருத்தெலும்பை, எலும்பையே அரிக்க ஆரம்பிக்கும். அரிச்சது அரிச்சதுதாம்மா. திரும்ப வளராது. அதுக்கு முன்னாடி நிறுத்தணும்னுதான் இந்த மாத்திரை."

"அந்தக் கைகாட்டுன ஒண்ண மட்டும் புடிச்சு வெளிய அனுப்ப முடியாதுங்களா?"

சிரித்தார். "அதுவும் உங்களோடதுதானே. எங்க அனுப்புவீங்க? அடங்கி இருக்க வைக்கலாம், அவ்வளவுதான்."

பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக வந்தது. பிறந்ததிலிருந்து கூட இருந்ததை அடையாளம் தெரியாத காவல்காரன் எதற்கு? என் டேபிளில் எவளாவது நல்ல பீஸ் மேல் அம்பு ஒட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்வேன்.

ஜூலை 9, புதன்

வெள்ளை ஆர்டர் மறுபடி வந்தது. கறையும் வந்தது.

அதே தோள், அதே உள்பக்கம். பிகாஷ் மேல் சந்தேகம் என்றேன். இந்த முறை சென்னியப்பன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மிஷினைக் கழற்றிப் போட்டார். காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டுக் கசிவில்லை. பிகாஷ் இரண்டு கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். சுத்தமான கை.

அப்படியென்றால் அயர்ன் மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும். பாய்லர் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

அயர்ன் மாஸ்டர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். "ஏனுங், மத்த டேபிள் பீஸும் இதே தண்ணியிலதான அயர்ன் ஆகுது? அதுல ஏன் வரல?" என்றார்.

யோசிக்க வேண்டும். கை வலியில் யோசனையும் ஓடவில்லை. தைலம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வாங்கித் தர ஆளில்லை.

ஜூலை 12, சனி

நாளை வீட்டுக்காரரின் பங்காளி வீட்டுக் கல்யாணம். அவர் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ண எடுத்தேன். பழக்கதோஷம், முஷ்டியை உள்ளே விட்டுத் தோள் தையலை லைட்டுக்குப் பார்த்தேன். நன்றாக இருந்தது. தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தேன்.

தோளின் உள்பக்கம் மஞ்சளாக எழும்பி வந்தது.

அயர்ன் பெட்டி பழசு. அதில் ஏதோ ஒட்டியிருக்கும்.

அதே நாள், பிறகு

பெட்டியைத் துடைத்துவிட்டு, வெறும் வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தேன். கறை இல்லை. அதே துணியை என் விரல் முட்டியின் மேல் வைத்து இழுத்துவிட்டு மறுபடி அயர்ன் வைத்தேன். மூன்று முட்டிகளும் மூன்று பொட்டுகளாக வரிசையாக வந்தன.

வளையங்களைக் கழற்றிப் பிழிந்தேன். எண்ணெய் சொட்டியது. கருநீலத்தில் இந்தக் கறை எப்படித் தெரியும்?

கோமளா அன்று நடந்துகொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. வூட்ல மட்டும் தடவுங்க. அவள் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள். நான் வருத்தப்படுவேன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். நான் என்ன செய்தேன் என்பதை மேலே இருபத்தெட்டாம் தேதியில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். படிக்க முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போகவில்லை. அட்டையைக் கத்திரியால் வெட்டி மாத்திரையை எடுத்தேன். பாதி உடைந்து வந்தது. இரண்டு துண்டுகளையும் விழுங்கினேன். டாக்டரம்மா மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். என் மேல் இருந்தது போய்விட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

கோமளா வீட்டுக் கதவைத் தட்டினேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "வாங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. மகள் என்னைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"கறை என்ற கையில இருந்துதான் வந்திருக்குது கோமளா. தைலம். இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"

"சத்தியமா."

"ஒரு கண்ணி விட்டிருந்தா எட்ட நின்னே சொல்லுவீங்க. ஊரு பூராத் தப்பக் கண்டுபுடிக்கற கண்ணுக்கு, சொந்தக் கைல இருக்கற எண்ணெ தெரியலீங்களா?"

"நெசமாத் தெரியலடி."

"நான் புதங்கெழம சொன்னேன். சனிக்கெழம என்னைய வெளிய அனுப்புனீங்க. தெரிஞ்சுபோச்சு, இவ வாயத் தொறக்கறதுக்குள்ள அனுப்பிரலாம்னுதான அனுப்புனீங்க? நான் அப்படித்தான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

இல்லை இல்லை என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, இப்போது தப்பிவிட்டது என்றால் யார் நம்புவார்கள்?

"அப்ப நீயாவது சென்னியப்பன்கிட்டச் சொல்லியிருக்கலாமே, உன்ற வேலை போறப்ப" என்றேன்.

"சொன்னா உங்க வேலை போயிருமுங்க. தைலம் வாங்கியாந்ததே நானு. என்ன மூஞ்சிய வச்சுட்டுச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுக் குக்கரை மூடினாள். "நேரமாச்சுங்க, புள்ளைக்குச் சோறாக்கோணும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். கை வலி என்றேன். அதை மட்டும் அவர் நம்பவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வளையம் இல்லாமல் கம்பெனிக்குப் போனேன். சென்னியப்பனை அயர்ன் டேபிளுக்கு வரச்சொன்னேன். பிகாஷும் மாஸ்டரும் பக்கத்தில் இருந்தார்கள், இருக்கட்டும் என்று விட்டேன். பாட்டிலில் மிச்சமிருந்த தைலத்தை முட்டியில் தடவி, வெள்ளைச் சட்டைக்குள் முஷ்டியை விட்டு எடுத்து, அயர்ன் வைக்கச் சொன்னேன். மாஸ்டர் பெட்டியைத் தூக்கியதும் மஞ்சள் கறையை எல்லோரும் பார்த்தார்கள்.

ஓர் அம்பு ஸ்டிக்கரை எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தேன். "எங்க ஒட்டோணுமோ ஒட்டுங்க" என்றேன்.

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "இவ்வளவு வீங்கியிருக்குது. எத்தன நாளாங்க்கா?"

"அத விடுங்க. கோமளாவக் கூப்பிட்டு வேலை குடுங்க. தப்பு அவ மேல இல்லைன்னு எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

"அப்ப உங்க டேபிளுங்க?"

"யாருக்கு வேணாலும் குடுங்க."

பேக்கிங்கில் போட்டுவிட்டார். மடித்த சட்டையைக் கவருக்குள் தள்ளும் வேலை. மேஜையை விட்டு எழுந்தபோது மிச்சமிருந்த அம்பு ஸ்டிக்கர்களை அங்கேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

கோமளா வேலைக்கு வந்துவிட்டாள். செக்கிங் டேபிள் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று சென்னியப்பன் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓவர்லாக்கிலேயே உட்கார்ந்தாள். மத்தியானம் குழாயடியில் நான் நின்றிருந்தேன். பின்னாலிருந்து, "கொஞ்சம் வழி விடுங்க மேடம்" என்று கேட்டது. யாரோ என்று நினைத்து நகர்ந்தேன். கோமளா.

மேடம். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐந்தாவது மாத்திரை. தவறவில்லை. மறுநாளெல்லாம் குமட்டுகிறது. இன்று விரல் மடங்க டீ கொதிக்கிற நேரம்தான் ஆயிற்று.

செப்டம்பர் 6, சனி

டாக்டரம்மா முட்டிகளை அமுக்கினார், வலிக்கவில்லை. காவல் செல்கள் அடங்கியிருக்கின்றனவாம். ரத்தத்திலும் அளவு இறங்கியிருக்கிறது. நான் தாளில் எழுதிக் கொண்டுபோனதை வரிவரியாகப் படித்தார்.

"முதல் மாசம் போடலை, இல்லையா?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கறிவேப்பிலைக்குப் போட்டனுங்க" என்றேன். இனிமேல் அப்படிச் செய்யமாட்டீர்களே என்றார். மாட்டேன் என்றேன்.

நடுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்தே நிற்கிறது. அது நிமிருமா என்று கேட்டேன். "அது அப்படியேதாம்மா இருக்கும். மத்ததைக் காப்பாத்திக்கலாம்" என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முஷ்டி மடங்கியது. பால் குக்கர் மூடியை நானே திருகித் திறந்தேன். மாத்திரை அட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தினால் பிதுங்கி வந்துவிடும் என்று தெரிந்தது. அழுத்தவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனேன்.

கோமளா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் அட்டையை நீட்டினேன். அவள் அட்டையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். வீக்கம் வற்றிப்போன முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கும் கண் இருக்கிறது. இந்தக் கைக்கு ஒரு மாத்திரையைப் பிதுக்க முடியாதா என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தாள். அட்டையை வாங்கி, மாத்திரையைப் பிதுக்கி, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தண்ணி இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குது" என்றேன். கொஞ்சம் நின்றேன். அதற்குமேல் ஒரு சொல் வருமா என்றுதான் நின்றேன். அக்கா என்று வரவில்லை. மேடம் என்றும் வரவில்லை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். வாரம் ஒன்றுதான், அதற்குமேல் போட்டால் ஆபத்து. அடுத்த ஞாயிறும் அவள் வாசலில் போய் நிற்பேன்.